கிளாரினெட் ஸ்பிரிங் எங்கே கிடைக்கும்?

கும்பகோணத்துக்கு அருகிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். தாத்தா வாசித்த மரக் கிளாரினெட்டில் ஐப்பசி மழைக்குப் பிறகு ஸ்பிரிங் ஒடிந்து இரண்டு கீகள் (துளைகளை மூடித் திறக்கும் உலோக மூடிகள்) தொய்ந்துவிட்டனவாம். தஞ்சாவூரிலும் திருச்சியிலும் தேடியும் ஸ்பிரிங் கிடைக்கவில்லை. வெளிநாட்டிலிருந்து முழு செட்டை வரவழைக்க வேண்டும், இல்லையேல் பழையதைக் கொடுத்துவிட்டுப் புதியதை எடுத்துக்கொள்ளுங்கள் என்கிறார் ஒரு தரகர். தை முகூர்த்தங்கள் நெருங்குகின்றன, என்ன செய்வது என்பதே கேள்வி. தம் பேண்டிலுள்ள பேக்பைப்புக்கும் இதே ஸ்பிரிங் பொருந்துமா என்றும் கேட்டிருக்கிறார்.

முதலில், கருவியை அந்தத் தரகரிடம் கொடுக்காதீர்கள். பழைய மரக் கிளாரினெட்டுகள் பெரும்பாலும் ஆப்பிரிக்கக் கருமரத்தில் கடையப்பட்டவை; அதற்கு மாற்றாக உங்கள் கைக்கு வரப்போவது பளபளக்கும் பிளாஸ்டிக் குழாயாகத்தான் இருக்கும். என்னிடம் பழகிய ஓர் இளைஞர் ஒரே ஒரு ஸ்பிரிங்குக்காக இப்படி ஒருவரிடம் கருவியைக் கொடுத்துவிட்டு ஒரு மாதம் காத்திருந்தார். திரும்பி வந்தபோது ஸ்பிரிங் புதிதாக இருந்தது; ஆனால் மேல்பகுதிக் கீகள் வேறொரு கருவியுடையவை.

இனி ஸ்பிரிங்குக்கு வருவோம். சிறு தூணில் செருகப்பட்டு ஊசிபோல் நீட்டிக்கொண்டிருப்பது ஊசி ஸ்பிரிங். கீயின் அடியில் சிறு திருகால் பிடிக்கப்பட்டு, நுனி மரத்தின்மீது சறுக்குவது பட்டை ஸ்பிரிங். ஊசி ஸ்பிரிங் பெரும்பாலும் தூணுக்குள் நுழையும் இடத்திலேயே துருவேறி ஒடியும். தூணின் துளையைப் பூதக்கண்ணாடியில் பார்த்தால் கருநீலப் புள்ளியாக முறிந்த துண்டு தெரியும். அதன் ஒரு முனை தட்டையாக்கப்பட்டு ஆப்புப்போல் இறுகியிருப்பதால், ஒடிந்த பக்கத்திலிருந்து தட்டை முனையை நோக்கித்தான் தள்ளி வெளியேற்ற வேண்டும். துளையிட்டு எடுக்கிறேன் என்பவரிடம் கருவியைக் காட்டவே வேண்டாம். துளை பெரிதானால் பிறகு எந்த ஸ்பிரிங்கும் நிற்காது.

வெளியே வந்த துண்டைக் கடிகாரம் பழுதுபார்ப்பவரிடமோ நகைப் பத்தரிடமோ கொடுத்துத் திருகு அளவியால் கனத்தை அளந்து வாங்குங்கள். இதில் சோம்பல் கூடாது. 0.7 மில்லிமீட்டர் இருந்த இடத்தில் 0.8 போட்டால், சொல்லும்போது சிறியதாகத் தோன்றும் அந்த வேறுபாட்டால் விறைப்பு ஏறத்தாழ 70 விழுக்காடு கூடிவிடும். ஒரு கச்சேரி முடிவதற்குள் விரல் கடுக்கும். கனம், நீளம் இரண்டையும் எழுதிக்கொண்டு நீலம் பாய்ந்த எஃகு ஊசி ஸ்பிரிங் என்று கேட்டால், பேண்டு கருவிகளைப் பழுதுபார்க்கும் பட்டறைகளிலோ, பேண்டு கருவிகளுக்குப் பெயர்பெற்ற உத்தரப் பிரதேசத்து மீரட்டின் ஜலி கோட்டிப் பகுதிக் கடைகளிலோ விசாரித்துத் தபாலில் வரவழைக்கலாம். இரண்டு ஒடிந்ததற்கு முழு செட் வாங்க வேண்டியதில்லை.

ஊக்கு, வீணைத் தந்தி, சைக்கிள் பிரேக் கம்பி என்று ஊரில் சொல்லும் எதையும் போடாதீர்கள். ஊக்கு வளைந்த வளைவிலேயே நிற்கும், தந்தி மிக மெல்லியது. தையல் ஊசியோ நேர்மாறாக விறைத்து, ஒருநாள் படக்கென்று முறியும். அவசரத்துக்கு ரப்பர் பேண்டு கட்டினால், அன்றிரவே அவிழ்த்துவிடுங்கள். ரப்பரிலுள்ள கந்தகம் வெள்ளி முலாமைக் கறுக்கச் செய்யும்.

பட்டை ஸ்பிரிங் மட்டும் விதிவிலக்கு. இதை உள்ளூரிலேயே செய்துகொள்ளலாம். உங்களுடையது மிகப் பழைய 13 கீ அமைப்பாக இருந்தால் ஒடிந்தவை பட்டை ஸ்பிரிங்குகளாகவே இருக்கவும் கூடும் என்பதால் சற்று விரித்துச் சொல்கிறேன். பாஸ்பர் வெண்கலத் தகட்டை அதே அகலத்துக்கு நறுக்கி, திருகுத் துளையிட்டு, மெல்லிய வில்லாக வளைத்து, மரத்தைத் தொடும் நுனியை வழவழப்பாகத் தேய்த்துத் தரப் பத்தருக்கு அரைமணி நேரம் போதும். வெறும் பித்தளைத் தகடு சில வாரங்களில் தளர்ந்துவிடும். பழைய திருகைத் தொலைத்துவிடாதீர்கள். அதன் மரை இன்றைய திருகோடு சேராமல் போகலாம். கழற்றியதும் ஒரு தாளில் ஒட்டி வையுங்கள்.

பேக்பைப்பைப் பற்றிக் கவலை வேண்டாம். நம் பேண்டுகளில் ஊதப்படும் ஸ்காட்லாந்து வகையில் கீயே கிடையாது, வெறும் துளைகள்தான். அதற்கு ஸ்பிரிங் விற்க வருபவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். கீயுள்ளவை இங்கிலாந்தின் நார்தம்பர்லாந்து வகை, அயர்லாந்து வகை போன்றவை.

இரண்டாம் சரபோஜி காலத்திலேயே மேனாட்டு பேண்டு ஒலித்த தஞ்சையில், இன்று ஒரு விரற்கடைக் கம்பிக்கு ஊர் ஊராக அலைய வேண்டியிருக்கிறது. வாசிக்கக் கற்றுத்தர ஆட்கள் உண்டு. பழுதுபார்க்கக் கற்றுத்தர யாருக்கும் தோன்றவில்லை.

புதிய ஸ்பிரிங் பொருத்தியபின், அது தூணுக்குள் நுழையும் இடத்தில் தையல் இயந்திர எண்ணெயை ஊசி முனையால் தொட்டு வையுங்கள். கீயின் அடியில் துளையை அடைக்கும் மெத்தையான பேடில் பட்டுவிடக் கூடாது. வீட்டிலிருக்கிறதே என்று தேங்காய் எண்ணெய் இடாதீர்கள், மார்கழி விடியலில் அது உறைந்து கீயைப் பிடித்துக்கொள்ளும்.