கோவையா பெங்களூரா: நூற்பாலை மென்பொருள் செய்பவருக்கு

நூற்பாலைகளுக்கு மென்பொருள் செய்கிறீர்கள், கோவையில் முதலீட்டாளரும் அனுபவமுள்ள டெவலப்பரும் கிடைக்கவில்லை, பெங்களூருக்கு மாறிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். மாறாதீர்கள். உங்கள் வாடிக்கையாளர் அவினாசி ரோட்டிலும் பல்லடத்திலும் உட்கார்ந்திருக்கும்போது நீங்கள் கோரமங்களாவில் வாடகை கொடுத்து என்ன செய்யப்போகிறீர்கள்?

முதலீட்டாளரைப் பார்க்கப் பெங்களூருக்கு ராத்திரி பஸ் போதும், குடிபோக வேண்டாம். அதற்கு முன்னால் தமிழக அரசின் ஸ்டார்ட்அப் டிஎன் அமைப்பு தொடக்க நிதி கொடுக்கும் டான்சீட் திட்டத்தையும், புதிய கம்பெனிகளுக்கு இடமும் உதவியும் கொடுக்கும் இன்குபேட்டர்களான ஃபோர்ஜையும், 1998 முதல் இயங்கும் பிஎஸ்ஜி ஸ்டெப்பையும் விசாரியுங்கள். ஆனால் அங்கே இடம் கிடைத்துவிட்டாலே கம்பெனி நடந்துவிடும் என்று நினைக்காதீர்கள், முதல் காசு மில் முதலாளியிடமிருந்துதான் வர வேண்டும், அவரோ இலவச டெமோவை வருஷக்கணக்கில் ஓட்டுவார், அதனால் சின்னத் தொகையாவது வாங்கிக்கொண்டு ஒரே ஒரு யூனிட்டில் போட்டுக் காட்டுங்கள். ஜவுளி ஆராய்ச்சி நிறுவனமான சிட்ராவின் ஆட்களிடமும் பேசுங்கள், மில்காரர்கள் அவர்கள் சொன்னால் கேட்பார்கள்.

ஆள் விஷயம்தான் உண்மையிலேயே கஷ்டம். கல்லூரிகளிலிருந்து புதியவர்கள் நிறைய வருகிறார்கள், ஆனால் எட்டுப் பத்து வருட அனுபவம் உள்ளவரை இங்கே பாஷ் மாதிரிப் பெரிய இடங்களோடு போட்டி போட்டுத்தான் எடுக்க வேண்டும். பெங்களூரில் இருந்துகொண்டு பெற்றோருக்காக ஊர் திரும்ப நினைக்கும் கோவைக்காரர்களைத் தேடுங்கள். கோவை.கோ 2011-இல் தொடங்கி, வெளி முதலீடு இல்லாமலேயே இங்கே டீம் வைத்து வளர்ந்த மென்பொருள் கம்பெனிதானே.

அப்புறம், இப்போது எத்தனை மில்கள் காசு கொடுக்கின்றன என்று நீங்கள் எழுதவே இல்லையே?