ஆப்பிரிக்க வானில் வெளிநாட்டுக் கேப்டன்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

ஆப்பிரிக்க விமான நிறுவனங்களில் பணிபுரியும் வெளிநாட்டுக் கேப்டன்களைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தேன். அதைப் படித்து வந்த கடிதங்களில், பலருக்கும் பொதுவான கேள்விகளைத் தேர்ந்தெடுத்து, அந்தக் கண்டத்தின் கிழக்கிலும் மேற்கிலும் பணியாற்றியவன் என்ற முறையில் பதிலளிக்கிறேன்.

கேள்வி: நான் ஏர்பஸ் ஏ320 விமானத்தில் துணை விமானியாக இருக்கிறேன். ஏடிபிஎல் எனப்படும், விமான நிறுவன விமானிக்கான உயர்நிலை உரிமம் பெற்றுவிட்டேன். ஆப்பிரிக்க நிறுவனம் ஒன்றில் நேரடியாகக் கேப்டனாகச் சேர முடியுமா? என் உரிமம் அங்கே செல்லுமா?

பதில்: ஏடிபிஎல் உரிமத்திற்குச் சர்வதேச அளவில் குறைந்தபட்சம் 1,500 மணி நேரப் பறத்தல் அனுபவம் போதும். ஆனால் வெளிநாட்டிலிருந்து நேரடியாகக் கேப்டனை அழைக்கும் நிறுவனம் கேட்பது உரிமத்தை மட்டுமன்று. அதே வகை விமானத்தில் கேப்டனாகப் பொறுப்பேற்றுப் பறந்த மணிகளையும் சேர்த்தே கேட்கிறது. ஆகவே முதலில் நீங்கள் இப்போது இருக்கும் நிறுவனத்திலேயே கேப்டன் அமரும் இடது இருக்கைக்கு உயர்ந்து, அந்தப் பொறுப்பில் நன்கு ஊன்றிய பிறகு விண்ணப்பியுங்கள். புதிய கண்டம், புதிய நிறுவனம், புதிய பதவி ஆகிய மூன்றையும் ஒரே மாதத்தில் தாங்க முயல்வது உங்களுக்கும் நல்லதன்று, பின்னால் அமர்ந்திருக்கும் பயணிகளுக்கும் நல்லதன்று.

1944ஆம் ஆண்டின் சிகாகோ உடன்படிக்கையின் 32ஆவது பிரிவின்படி, சர்வதேச விமானத்தை இயக்கும் விமானியின் உரிமம், அந்த விமானம் எந்த நாட்டில் பதிவு செய்யப்பட்டதோ அந்த நாட்டால் வழங்கப்பட்டதாகவோ ஏற்கப்பட்டதாகவோ இருக்க வேண்டும். கென்யாவில் பதிவான விமானத்திற்குக் கென்ய விமானப் போக்குவரத்து ஆணையமும், நைஜீரியாவில் பதிவானதற்கு நைஜீரிய ஆணையமும் ஒப்புதல் தர வேண்டும். பெரும்பாலும் முதலில் ‘வேலிடேஷன்’ எனப்படும் தற்காலிக ஒப்புதல்தான் தருவார்கள். அது உங்கள் மூல உரிமத்தின் மீது நிற்பது. மூல உரிமமோ மருத்துவச் சான்றோ காலாவதியானால் ஒப்புதலும் அத்துடன் விழுந்துவிடும். நெடுங்காலம் தங்க எண்ணினால் அந்நாட்டின் தேர்வுகளை எழுதி முழு உரிமமாக மாற்றிக்கொள்வதே பாதுகாப்பானது. குத்தகை விமானங்கள் வேறொரு நாட்டில் பதிவாகியிருப்பதும் உண்டு என்பதால், நேர்காணலிலேயே விமானத்தின் பதிவு நாடு எது என்று கேட்டுவிடுங்கள்.

கேள்வி: ஒரு முகவர் நிறுவனம் எனக்கு டாலரில் நல்ல சம்பளம் தருவதாக ஒப்பந்தம் அனுப்பியிருக்கிறது. எதைக் கவனித்துக் கையெழுத்திட வேண்டும்?

பதில்: சம்பளத் தொகையைக் கடைசியாகப் பாருங்கள். உங்களுக்கு வேலை கொடுப்பவர் முகவரா, விமான நிறுவனமா என்பதை முதலில் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். விமான நிறுவனம் முகவருக்குப் பணம் தரத் தாமதித்தால் முகவர் உங்களுக்குத் தருவாரா என்பதும், தகராறு வந்தால் எந்த நாட்டுச் சட்டத்தின்கீழ் முறையிடுவது என்பதும் ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருக்க வேண்டும்.

அடுத்தது நாணயம். சம்பளத்தில் ஒரு பகுதி உள்ளூர் நாணயத்தில் தரப்படுமானால், அதன் டாலர் மதிப்பு எந்த நாளின் விகிதத்தில் கணக்கிடப்படும் என்பது மிக முக்கியம். 2023 ஜூன் மாதத்தில் நைஜீரிய நைராவும், 2024 ஜூலை இறுதியில் எத்தியோப்பிய பிர்ரும் சந்தை விகிதத்திற்கு விடப்பட்டபோது இரண்டுமே பெரும் வீழ்ச்சி கண்டன. உள்ளூர் நாணயத்தில் ஊதியம் பெற்றவர்கள் செய்த வேலை மாறவில்லை. வீட்டிற்கு அனுப்பிய தொகை சுருங்கிவிட்டது. பணத்தை நாட்டை விட்டு வெளியே எடுக்க முடியுமா என்பது இன்னொரு கேள்வி. நைஜீரியாவில் ஈட்டிய வருவாயை வெளியே கொண்டுவர முடியாத நிலையில் எமிரேட்ஸ் போன்ற பெரிய நிறுவனமே 2022இல் தன் சேவையை அங்கு நிறுத்தியது. தனி மனிதரான நீங்கள் இதை முன்கூட்டியே சிந்திக்க வேண்டாமா?

சிமுலேட்டர் பயிற்சிக்கான செலவை ஈடுகட்டும் பணிப்பிணை (முன்னதாக விலகினால் பணம் செலுத்துவதாகத் தரும் உறுதி) எத்தனை ஆண்டுகளுக்கு, அதன் தொகை மாதாமாதம் குறைகிறதா, நிறுவனமே உங்களை நீக்கினாலும் செலுத்த வேண்டுமா என்பதைப் பாருங்கள். விடுப்புச் சுழற்சியில் வீடு செல்லும் பயண நாள்கள் பணி நாள்களாகக் கணக்கிடப்படுமா அல்லது உங்கள் விடுப்பிலிருந்து கழிக்கப்படுமா என்பதும், உடல்நலக் குறைவால் உரிமத்தை இழந்தால் காப்பீடு உண்டா என்பதும் எழுத்தில் வேண்டும். பணி அனுமதி கைக்கு வருமுன் வருகையாளர் விசாவில் பறக்கச் சொன்னால் மறுத்துவிடுங்கள்; மாட்டிக்கொள்பவர் நீங்கள்தான், முகவர் அல்லர். கடவுச்சீட்டை எவரிடமும் நீண்ட நாள் ஒப்படைத்து வைக்காதீர்கள்.

நிறுவனங்கள் மூடப்படுவதும் நேர்கிறது. பல நாடுகள் கூட்டாக நடத்திய ஏர் ஆஃப்ரிக் 2002இல் திவாலானது. ஏர் நமீபியா 2021 பிப்ரவரியில் பறப்பதை நிறுத்தியது. எனவே சில மாதச் செலவுக்கான சேமிப்பு வேறொரு நாட்டு வங்கியில் இருக்கட்டும்.

கேள்வி: ஆப்பிரிக்காவின் பல பகுதிகளில் ரேடார் கண்காணிப்பே இல்லை என்றும், விமானிகள் தங்களுக்குள் பேசிக்கொண்டு பறக்கிறார்கள் என்றும் கேள்விப்பட்டேன். உண்மையா? அங்கே பறப்பதில் வேறு என்ன கடினம்?

பதில்: உண்மைதான், ஆனால் அது முறையின்றி நடப்பதன்று. நைரோபி, ஜோஹானஸ்பர்க், லாகோஸ் போன்ற நகரங்களைச் சுற்றி ரேடார் இருக்கிறது. காங்கோ வடிநிலம், சாட், சஹாரா ஆகியவற்றின் மேலே பறக்கும் நீண்ட தூரங்களில்தான் தரையிலுள்ள விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளருடன் தெளிவான தொடர்பு கிடைக்காத நேரங்கள் வருகின்றன. நெடுந்தூரத் தொடர்புக்கான எச்.எஃப். வானொலியின் இரைச்சலுக்கிடையே அனுமதியைத் திரும்பத் திரும்பக் கேட்க வேண்டியிருக்கும். இப்போது செயற்கைக்கோள் வழியாக எழுத்துச் செய்தி அனுப்பும் வசதி பல இடங்களில் வந்துவிட்டதால் நிலைமை முன்பைவிட மேலாகியிருக்கிறது.

இந்தக் குறையை ஈடுசெய்யவே 126.9 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் தன் நிலையைத் தானே அறிவிக்கும் ஒலிபரப்பு முறை கடைப்பிடிக்கப்படுகிறது. ஒவ்வொரு விமானியும் தம் விமானத்தின் அழைப்புப் பெயர், உயரம், வழித்தடம், அடுத்த புள்ளியை அடையும் நேரம் ஆகியவற்றை ஆங்கிலத்தில் அறிவித்துக்கொண்டே செல்வார். நள்ளிரவில் அந்த அலைவரிசையில் ஒரே உயரத்தில் உங்கள் பாதையைக் குறுக்கிடப்போகும் ஒருவரின் குரல் கேட்டால், கட்டுப்பாட்டாளர் தீர்த்துவைப்பார் என்று காத்திருக்காமல் உடனே அவரிடம் பேசி நேரத்தை ஒப்பிட வேண்டும். மோதல் தவிர்ப்புக் கருவி கடைசி அரண் மட்டுமே. அனுமதிக்கப்பட்ட பகுதிகளில் வழித்தடத்தின் வலப்புறமாக ஓரிரு கடல் மைல் விலகிப் பறப்பதையும் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

வானிலை இதைவிடப் பெரிய பாடம். வடக்கிலிருந்தும் தெற்கிலிருந்தும் வரும் காற்றுகள் கூடும் வெப்பமண்டலக் குவிப்பு மண்டலம் ஜூலை, ஆகஸ்டில் வடக்கே சென்று, ஜனவரியில் தெற்கே இறங்கும். உலகில் மின்னல் மிக அதிகமாக விழும் இடங்களில் காங்கோ வடிநிலமும் ஒன்று. அங்கே எழும் இடிமேகங்கள் 50,000 அடியையும் கடந்து வளரும். நமது விமானங்களோ 40,000 அடியைச் சுற்றியே பறப்பவை. மேலே தாண்டிச் செல்ல வழியில்லை, சுற்றித்தான் செல்ல வேண்டும். சுற்றிச் செல்ல எரிபொருள் வேண்டும். ஆகவே புறப்படும் முன் எடுக்கும் எரிபொருள் முடிவிலேயே அந்த இரவின் நிம்மதி பெரும்பாலும் அடங்கியிருக்கிறது. மேற்கு ஆப்பிரிக்காவில் நவம்பர் இறுதி முதல் மார்ச் வரை சஹாராவிலிருந்து வீசும் ஹர்மட்டான் காற்று தூசியைக் கொண்டுவந்து நிரப்பும்போது, கானோ, நியாமே போன்ற நிலையங்களில் பார்வைத் தூரம் சில நூறு மீட்டராகச் சுருங்கிவிடும். அங்கே இறங்க முடியாவிட்டால் செல்வதற்கான மாற்று நிலையமாக நீங்கள் குறித்த ஊரையும் அதே தூசி மூடியிருக்கக்கூடும் என்பதால், மாற்று நிலையத்தைத் தொலைவிலேயே தேர்ந்தெடுங்கள்.

மூன்றாவது, உயரமான விமான நிலையங்கள். அடிஸ் அபாபாவின் போலே நிலையம் கடல் மட்டத்திலிருந்து 2,300 மீட்டருக்கும் மேல் உள்ளது. ஜோஹானஸ்பர்க் ஏறத்தாழ 1,700 மீட்டர், நைரோபி ஏறத்தாழ 1,600 மீட்டர். போலேயில் காற்று மெலிந்திருப்பதால், வேகம் காட்டும் கருவி 140 நாட் (மணிக்கு 140 கடல் மைல்) காட்டும்போது விமானத்தின் உண்மை வேகம் 157 நாட் அளவுக்கு இருக்கும். வெப்பமான பிற்பகலில் அதற்கும் மேல். வேகம் எட்டில் ஒரு பங்கு கூடினால், பிரேக் உறிஞ்ச வேண்டிய ஆற்றல் நான்கில் ஒரு பங்கு கூடுகிறது. கடல் மட்ட நிலையங்களில் பழகிய கண்ணுக்கு, ஓடுபாதை விரைந்து கடப்பதைக் காணும்போது வேகத்தைக் குறைக்கத் தோன்றும். அந்த உந்துதலுக்கு இடம் கொடுக்காமல் கருவியை நம்ப வேண்டும். புறப்படும்போதோ எஞ்சினின் உந்துவிசை குறைவு, எடுக்கக்கூடிய எடையும் குறைவு. அடிஸ் அபாபாவிலிருந்து வாஷிங்டன் சென்ற எத்தியோப்பியன் விமானம் போகும்போது டப்ளினில் எரிபொருள் நிரப்பி, திரும்பும்போது நேரடியாக வந்ததற்கு இதுவே முதன்மைக் காரணம்.

கேள்வி: உள்ளூர் துணை விமானிகள் வெளிநாட்டுக் கேப்டனை எப்படி ஏற்கிறார்கள்? தங்கள் பதவி உயர்வைத் தடுப்பவர் என்று நினைக்க மாட்டார்களா?

பதில்: சிலர் நினைப்பார்கள், அந்த எண்ணத்தில் நியாயமும் உண்டு. அவர்களுடைய நாட்டின் நிறுவனத்தில், அவர்கள் அமர வேண்டிய இருக்கையில், அவர்களைவிடக் கூடுதல் ஊதியத்திற்கு நாம் அமர்ந்திருக்கிறோம். இதை மனத்தில் வைத்துக்கொண்டு நடப்பவருக்கே அங்கே மதிப்புக் கிடைக்கும். நம்மால் செய்யக்கூடியது, வலப்புறம் அமர்ந்திருப்பவர் விரைவில் கேப்டனாகத் தேவையானவற்றையெல்லாம் ஒளிக்காமல் கற்பிப்பதுதான். என்னுடன் பறந்த துணை விமானிகளில் பலர் உள்ளூர் மேகங்களையும் மலைகளையும் என்னைவிட நன்கு அறிந்தவர்கள். அவர்களிடம் கேட்டுக் கற்றது எனக்கும் பாதுகாப்பாக இருந்தது.

மரியாதையால் வாய் மூடி இருக்கும் துணை விமானியைப் பற்றித்தான் நான் அதிகம் கவலைப்படுகிறேன். 2007 மே 5 அன்று நள்ளிரவுக்குப் பின், இடிமழைக்கிடையே கேமரூனின் டுவாலாவிலிருந்து நைரோபிக்குப் புறப்பட்ட கென்யா ஏர்வேஸ் போயிங் 737 விமானம் விழுந்து 114 பேரும் உயிரிழந்தனர். கேப்டன் ஆட்டோ பைலட்டை இயக்கச் சொன்னார். அது செயற்படத் தொடங்கியதா என்பதை இருவருமே உறுதிசெய்யவில்லை. விமானம் மெல்ல வலப்புறம் சாய்ந்துகொண்டே போனது. அந்த விமானிகள் இருவரும் ஒரே நாட்டினர். அப்படியிருக்க, வயது, நாடு, ஊதியம், ஒப்பந்தம் என எல்லாவற்றிலும் வேறுபட்ட இருவர் அமரும் காக்பிட்டில், “நான் தவறினால் உடனே சொல்லுங்கள்” என்பதை ஒவ்வொரு பயணத்திற்கு முன்பும் வாய்விட்டுச் சொல்வதும், அவர் சொன்னபோது நன்றியுடன் ஏற்பதும் கேப்டனின் கடமை.

டாக்கார், அபிஜான், கின்ஷாசா போன்ற பிரெஞ்சு மொழி வழங்கும் இடங்களில் கட்டுப்பாட்டாளர் உள்ளூர் விமானங்களுடன் பிரெஞ்சிலேயே பேசுவார். உயரங்கள், ஓடுபாதைகள், எண்கள் ஆகியவற்றைப் பிரெஞ்சில் புரிந்துகொள்ளும் அளவுக்காவது கற்றுக்கொண்டால், முன்னால் யார் எங்கே இறங்குகிறார் என்பது உங்களுக்கும் தெரியும்.

கேள்வி: என் மகன் இப்போதுதான் விமானிப் பயிற்சியில் சேர்ந்திருக்கிறான். அவன் கேப்டனாகும் காலத்தில் இந்த வேலைகள் இருக்குமா?

பதில்: இருக்கலாம், ஆனால் அதை நம்பி அவர் திட்டமிட வேண்டாம். எத்தியோப்பியன் நிறுவனம் அடிஸ் அபாபாவில் தன் விமானிகளைத் தானே பயிற்றுவிக்கிறது. நைஜீரியாவில் வெளிநாட்டினரை அமர்த்தும் ஒதுக்கீட்டு முறையிலேயே, அந்த வேலையைக் கற்றுக்கொள்ளும் உள்ளூர்க்காரர்கள் உடன் இருக்க வேண்டும் என்ற ஏற்பாடு உள்ளது. அது சரியான ஏற்பாடு என்றே நான் கருதுகிறேன்.

கேள்வி: என் கணவர் மேற்கு ஆப்பிரிக்காவிற்குக் கேப்டனாகச் செல்கிறார். மலேரியாவை நினைத்துப் பயமாக இருக்கிறது.

பதில்: சகோதரி, உங்கள் அச்சம் நியாயமானது, முன்னெச்சரிக்கை இருந்தால் அதைக் கட்டுக்குள் வைக்கலாம். மலேரியாத் தடுப்பு மாத்திரைகள் எல்லாமே விமானிகளுக்கு ஏற்றவை அல்ல. மெஃப்ளோகுவின் மனநிலையைப் பாதிக்கக்கூடியது என்பதால் விமானிகள் அதை எடுக்கக் கூடாது. அவருடைய விமானப் பணி மருத்துவர் பரிந்துரைப்பதை மட்டுமே எடுக்கட்டும். கொசுவலையும், மாலையில் முழுக்கைச் சட்டையும் எளிய பாதுகாப்புகள். அவர் விடுப்பில் வீடு திரும்பிய பிறகு, வாரங்கள் கழித்துக் காய்ச்சல் வந்தாலும் அது மலேரியாவாக இருக்கலாம். ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர் என்பதை மருத்துவரிடம் முதல் வாக்கியத்திலேயே சொல்லி, அன்றே இரத்தப் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள். ஒரு நாள் தாமதமும் ஆபத்தாகலாம். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி போட்ட பத்தாம் நாளிலிருந்து சான்று செல்லுபடியாகும். 2016 ஜூலை முதல் அது ஆயுள் முழுமைக்கும் போதுமானது.

கேள்வி: பறப்பது பாதுகாப்பன்று என்று கேப்டன் மறுத்தால் அங்குள்ள நிர்வாகம் ஏற்குமா? நல்ல நிறுவனத்தை எப்படி அடையாளம் காண்பது?

பதில்: ஏற்கும் நிறுவனங்களும் உண்டு, ஏற்காதவையும் உண்டு. நான் பணியாற்றிய ஓரிடத்தில், குறைபாடுள்ள விமானத்தை மறுத்த கேப்டனின் பெயர் அடுத்த மாத ரோஸ்டரில் (பணிப் பட்டியலில்) காணவில்லை. வேறோரிடத்தில் எரிபொருளைக் கூட்டிக் கேட்டபோது காரணம்கூட விசாரிக்காமல் நிரப்பினார்கள்; பின்னர் அதைப் பற்றி ஒரு சொல்லும் வரவில்லை. இரண்டுமே ஒரே கண்டத்தில் உள்ளவை, ஊதியத்திலும் அதிக வேறுபாடு இல்லாதவை. வெளிநாட்டுக் கேப்டனின் விசாவும் வீடும் வேலையுடன் பிணைந்திருப்பதால், மறுப்பது அவருக்குக் கூடுதல் கடினம். ஆகவே மறுக்கும் உரிமை மதிக்கப்படாத இடத்திற்கு எந்தச் சம்பளத்திற்கும் செல்லாதீர்கள் என்றே சொல்வேன்.

எல்லோரும் பார்க்கக்கூடிய ஆவணங்களிலிருந்து தொடங்குங்கள். விமான நிறுவனங்களின் சர்வதேசச் சங்கமான ஐஏடிஏ அமைப்பின் ஐயோசா பாதுகாப்புத் தணிக்கையில் தேறிய நிறுவனங்களின் பட்டியலைப் பாருங்கள். தன் வானில் பறக்கத் தடைசெய்த நிறுவனங்களைக் குறித்து ஐரோப்பிய ஒன்றியம் 2006 முதல் வெளியிடும் தடைப் பட்டியலையும் பாருங்கள். அதில் சில நாடுகளின் நிறுவனங்கள் ஒட்டுமொத்தமாக இடம்பெறுவது, அந்தந்த நாட்டின் மேற்பார்வை போதாமையால் என்பதையும் கவனியுங்கள். அதன்பின் அந்த நிறுவனத்தில் இப்போது பணிபுரிபவர், அண்மையில் விலகியவர் என இருவரிடமாவது பேசுங்கள். சோர்வு காரணமாகப் பறக்க மறுத்தவருக்கு என்ன நேர்ந்தது, பழுது நீக்குவது ஒத்திவைக்கப்பட்ட விமானங்கள் எத்தனை நாள் அப்படியே பறக்கின்றன, எரிபொருளைக் கூட்டியதற்கு விளக்கக் கடிதம் கேட்கிறார்களா, சம்பளம் எந்தத் தேதியில் வருகிறது என்று நேரடியாகக் கேளுங்கள். நேர்காணலில் தலைமை விமானியிடமும் இதே கேள்விகளைக் கேளுங்கள். இவற்றுக்குத் தெளிவான விடை கிடைத்து, பணி அனுமதியும் கைக்கு வந்த பிறகே இப்போதைய வேலையிலிருந்து விலகல் கடிதம் கொடுங்கள்.