அப்பாக்கள் செய்ததற்கு மகன்கள் மாட்டுவது விதியா?

‘தி பிளேஸ் பியாண்ட் த பைன்ஸ்’ என்ற ஹாலிவுட் படத்தில் அப்பாக்கள் செய்தது மகன்கள் தலையில் விடிவதற்கு விதிதான் காரணமா என்று கேட்டிருக்கிறீர்கள். என் கணக்கில் பாதி விதி, பாதி ஒரு பொய். (படம் பார்க்காதவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளுங்கள், கதை முழுக்க வந்துவிடும்.)

ரயான் காஸ்லிங் நடித்த லூக், ஊர் ஊராகப் போய் பைக் சாகசம் காட்டுகிறவன். சேலத்துக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆடிப் பண்டிகையை ஒட்டி வரும் பொருட்காட்சியில் மரணக்கிணறு பார்த்திருப்போம். சைலன்சர் கழற்றிய ஆர்எக்ஸ் 100, காலடியில் அதிரும் பலகை. மேலிருந்து பத்து ரூபாயை நீட்டினால் பைக் ஓட்டுகிறவர் ஹேண்டில்பாரை விட்டுவிட்டுப் பறித்துக்கொண்டு போவார். அவருக்கு எந்த ஊரில் பிள்ளைகுட்டி என்று நம்மில் யார் யோசித்தோம்? லூக் ஓட்டுவது இரும்புக் கூண்டு உருண்டைக்குள். அவன் முதுகைத் தொடர்ந்தே கேமரா கூடாரத்துக்குள் போகும் அந்த நீளமான முதல் ஷாட்டுக்காகவே படம் பார்க்கலாம்.

தனக்கு ஒரு மகன் இருப்பது தெரிந்ததும் வேலையை விட்டுவிட்டு அந்த ஊரிலேயே தங்குகிறான். காசுக்குப் பேங்க் கொள்ளை. அவனையும் அவன் அப்பா கூடவே இருந்து வளர்க்கவில்லை. சரி, இதுவரை விதி என்றால் ஒப்புக்கொள்கிறேன்.

அப்புறம்தான் போலீஸ்காரர் ஏவரி, அதாவது பிராட்லி கூப்பர், அவனைச் சுட்டுக் கொல்கிறார். முதல் குண்டு ஏவரியுடையது. விசாரணையில் லூக்தான் முதலில் சுட்டான் என்று அது அப்படியே தலைகீழாகிறது. ஊர் அவரை வீரராக்குகிறது, அரசியலுக்கும் வழி பிறக்கிறது. இதில் விதி எங்கே வந்தது? அந்த அறையில் வாயைத் திறந்து உண்மையைச் சொல்லியிருக்கலாம். அவருக்கும் கைக்குழந்தை, சுட்ட பிறகு அதன் முகத்தைப் பார்க்க முடியாமல் தவிக்கிறார்.

15 வருஷம் கழித்து இரண்டு மகன்களும் ஒரே பள்ளியில் சந்திப்பது மட்டும் அப்பட்டமான கதாசிரியர் வசதி. நம்ம சீரியலில் வந்தால் சிரித்திருப்போம். மகன்களைப் பற்றிய படத்தின் இந்த மூன்றாவது பகுதி கொஞ்சம் இழுவைதான்.

ஆனால் முடிவைப் பாருங்கள். லூக்கின் மகன் ஜேசன், ஏவரியைக் காட்டுக்குள் மண்டியிட வைக்கிறான். கையில் துப்பாக்கி. ஏவரி அழுது மன்னிப்பு கேட்கிறார். அவர் பர்ஸை எடுத்துக்கொள்கிறான். அதற்குள் தன் அப்பா, அம்மாவோடு கைக்குழந்தையாக அவன் இருக்கும் போட்டோ. சுடாமல் போய்விடுகிறான். எல்லாம் விதிப்படி என்றால் அங்கே குண்டு பாய்ந்திருக்க வேண்டும்.

ஏவரி அப்புறம் தேர்தலில் ஜெயித்து, மகனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மேடையில் நிற்கிறார். ஊருக்கு இன்னும் அவர் வீரர்தான்.