மடக்கு மரக்குதிரை: வாசகர் கேள்வி – பதில்

ராஜபாளையம் வாசகர்: வீட்டுக்குப் பின்னால் உள்ள சிறிய கொட்டகையில்தான் என் தச்சு வேலை. மரம் வைத்து அறுக்க ஒரு ஜோடி குதிரை (கால் விரித்து நிற்கும் மரத்தாங்கி) வேண்டும். வேலை முடிந்ததும் மடக்கிச் சுவரில் மாட்டிவிட வேண்டும். அளவோடு சொல்ல முடியுமா?

பதில்: ஒரே அளவில் இரண்டு சட்டங்கள் செய்து, தலையில் கீல் போட்டு இணைப்பதுதான் இடம் குறைந்த கொட்டகைக்குப் பொருத்தம். மடக்கினால் மூன்று அங்குலத் தடிமன்தான். ஒரு சட்டத்துக்கு 31 அங்குலக் கால் இரண்டு, குறுக்காகப் போட 30 அங்குலத்தில் தலைக்கட்டை ஒன்று, அடிக்கட்டை ஒன்று. ஜோடிக்கு நான்கு சட்டங்கள். எல்லாக் கட்டையும் இழைத்த பிறகு 3 x 1½ அங்குலம் நிற்க வேண்டும் என்பதால், மரக்கடையில் 3¼ x 1¾ அறுத்துத் தரச் சொல்லுங்கள். சேதாரம் சேர்த்து 44 அடி நீளம், ஏறக்குறைய ஒன்றே முக்கால் கன அடி. இதோடு 3 அங்குல இரும்புக் கீல் நான்கு, 1¼ அங்குலத் திருகாணி நாலு டஜன், கீலுக்கு 1½ அங்குலத் திருகாணி இரண்டு டஜன், 6 நூல் (ஒரு நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு) பிளைவுட்டில் ஒரு துண்டு, 4 நூல் பிளைவுட்டில் ஒரு துண்டு.

கால்களையும் கட்டைகளையும் ஒன்றின் மேல் ஒன்று வைத்து ஆணி அடிக்காதீர்கள். அப்படி அடித்தால் சட்டம் மேடு பள்ளமாகி, மடக்கும்போது இரண்டும் ஒட்டிப் படுக்காது. சேரும் இடத்தில் இரண்டு கட்டையிலும் 6 நூல் ஆழம் செதுக்கி, ஒன்றுக்குள் ஒன்று உட்கார வையுங்கள். தலைக்கட்டை காலின் மேல்முனையில், அடிக்கட்டையின் கீழ்விளிம்பு தரையிலிருந்து 8 அங்குலத்தில். பசை தடவி, ஒவ்வொரு இணைப்பிலும் 1¼ அங்குலத் திருகாணி இரண்டு. மரத்தின் தடிமன் 1½ என்பதால் முனை மறுபக்கம் எட்டிப் பார்க்காது. பசை இறுகுவதற்கு முன் இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்து பாருங்கள். ஒரு நூலுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் நீளமான மூலையைத் தட்டிச் சரிசெய்துவிட்டு, ஒரு நாள் அசையாமல் விடுங்கள்.

ஒவ்வொரு பக்கமும் 15 டிகிரி சாய்வு வேண்டும். கோணமானி தேவையில்லை. 30 அங்குல உயரத்துக்கு 8 அங்குலம் வெளியே போனால் அதுதான் 15 டிகிரி. இதே சாய்வில் காலடியைச் சீவ வேண்டும்: வெளிப்பக்கம் 31 அங்குலம் அப்படியே இருக்கட்டும், உட்பக்கம் 3 நூல் குறையட்டும். தலைகீழாகச் சீவிவிட்டால் குதிரை விளிம்பில் நின்று வழுக்கும். சரியாகச் சீவினால், விரித்து நிறுத்தும்போது கால்களின் உட்பக்க இடைவெளி ஏறக்குறைய 16 அங்குலம் வரும்.

தலைக்கட்டையின் மேல்விளிம்பைச் சாய்த்து இழைக்க வேண்டாம். சதுரமாகவே விட்டால், விரிக்கும்போது வெளி ஓரங்கள் உயர்ந்து நடுவில் 3 நூல் ஆழத்துக்கு ஒரு பள்ளம் விழும். கீலின் உருளை அந்தப் பள்ளத்தில் பத்திரமாகப் படுத்துக்கொள்ளும். ரம்பப் பல் அதைத் தொடாது. கீல் போக மீதி இடத்தில், இரண்டு தலைக்கட்டைகளின் மேலும் 4 நூல் பிளைவுட்டை 1¼ அங்குல அகலப் பட்டையாக வெட்டித் திருகுங்கள். ரம்பம் படுவது இதன் மேல்தான். கந்தலானதும் கழற்றிவிட்டுப் புதிதாகப் போடலாம். பட்டையை வெளி ஓரத்தோடு ஒட்டி வைத்து, உள் ஓரத்தில் 2 நூல் விட்டுவிடுங்கள். உள்ளே ஒட்டி வைத்தால் விரிக்கும்போது இரண்டு பட்டைகளும் இடித்துக்கொண்டு, கீல் திருகாணிகளைப் பிடுங்கிவிடும்.

விரித்த கால்களை எது பிடித்து நிறுத்துகிறது என்பதில்தான் பலருடைய குதிரை கெட்டுப்போகிறது. கயிறு நீளும், பாரம் ஏறினால் கால் அகலும். சங்கிலி நீளாது, ஆனால் பலகையைத் தள்ளும்போது கால் உள்நோக்கி மடங்குவதை அது தடுக்காது. இந்த மூன்றில் இரண்டு திசையிலும் பூட்டுவது பிளைவுட் பட்டை மட்டுமே. 6 நூல் பிளைவுட்டில் 16 அங்குல நீளம், 3 அங்குல அகலத்தில் குதிரைக்கு இரண்டு பட்டைகள். ஒவ்வொன்றின் கீழ்விளிம்பிலும் ஓர் அங்குல ஆழத்தில் இரண்டு வெட்டு. அந்த வெட்டுகள் எதிரெதிர் அடிக்கட்டைகளின் மேல் சேணம் போல உட்கார வேண்டும். வெட்டுகளுக்கு நடுவே கணக்குப்படி 10 அங்குலம் 3 நூல் வரும். ஆனாலும் கணக்கை நம்பி வெட்டாமல், குதிரையை 16 அங்குலத்துக்கு விரித்து, பட்டையைப் பக்கவாட்டில் பிடித்து, கட்டையின் சாய்வோடு பென்சிலில் கோடு இழுத்து வெட்டுங்கள். இதைப் பிளைவுட்டில்தான் செய்ய வேண்டும். கெட்டி மரத்தில் செய்தால் வெட்டுக்கு வெளியே நிற்கும் குட்டை முனை ரேகையோடு பிளந்து உதிரும். பட்டையில் ஒரு துளை போட்டு அடிக்கட்டையோடு கயிற்றால் கட்டிவிட்டால் தொலையாது.

திருவண்ணாமலை வாசகர்: குதிரை செய்து மூன்று மாதம்தான் ஆகிறது. கீல் திருகாணிகள் தானாகக் கழன்று வருகின்றன. பெரிய திருகாணி போட்டும் நிற்கவில்லை. மரம் தேக்குதான்.

பதில்: கீலைத் தலைக்கட்டையின் கோடியில் போட்டிருப்பீர்கள். அங்கே பாதி இடத்தில் காலின் முனை, அதாவது வெட்டுமுகம், மேல்நோக்கி நிற்கிறது. ரேகைக்கு நேராக இறங்கும் திருகாணி, இழைகளைக் குறுக்கே பிடிக்காமல் அவற்றின் நடுவே நழுவிப் போகிறது. எவ்வளவு பெரிய திருகாணியானாலும் அங்கே இதே கதைதான். கீலைக் கழற்றி, கோடியிலிருந்து 4 அங்குலம் உள்ளே தள்ளிப் போடுங்கள். அங்கே காலின் 3 அங்குல அகலம் தாண்டிவிடும், முழுத் தலைக்கட்டை கிடைக்கும். முதலில் திருகாணியை விட மெல்லிய துளை போட்டுக்கொள்ளுங்கள். பழைய துளைகளில் தேக்குச் சீவலைப் பசையில் தோய்த்து அடித்து, காய்ந்ததும் மட்டமாகச் சீவிவிடலாம்.

பண்ருட்டி வாசகர்: எங்கள் பக்கம் சவுக்கு மலிவு. அதிலேயே குதிரை செய்யலாமா?

பதில்: வேண்டாம். பாரத்தைத் தாங்கும், அதில் சந்தேகமில்லை. ஆனால் காயும்போது வெடிக்கும், முறுக்கும். கீல் போட்ட சட்டம் முறுக்கிக்கொண்டால் பிறகு சரிசெய்ய வழியில்லை. தைலமரமும் அப்படித்தான். இடித்த வீட்டுப் பழைய தேக்கு கிடைத்தால் அதுவே முதல் தேர்வு, காய வேண்டியதெல்லாம் காய்ந்து முடிந்திருக்கும். இழைப்பதற்கு முன் ஒரு காந்தத்தை மேலே ஓட்டி, உள்ளே முறிந்து கிடக்கும் ஆணிகளைத் தேடி எடுங்கள். தேக்கில் ஒரு குதிரை 11, 12 கிலோ வரும். பைன் பேக்கிங் மரத்தில் செய்தால் 8, 9 கிலோவில் முடியும். அந்த மரத்தில் முத்திரை இருந்தால் பாருங்கள்: ‘எச்டி’ (HT) என்றால் சூடேற்றிப் பதப்படுத்தியது, தாராளமாக எடுக்கலாம். ‘எம்பி’ (MB) என்றால் மெத்தில் புரோமைடு புகை போட்டது, ஒதுக்கிவிடுங்கள். பைனில் கீல் திருகாணியை 2 அங்குலமாக உயர்த்துங்கள்.

கும்பகோணம் வாசகர்: மின்சார ரம்பம் இல்லை, கைரம்பம்தான். 30 அங்குலக் குதிரையில் அறுக்கும்போது தோள் வலிக்கிறது.

பதில்: உயரம்தான் காரணம். கைரம்பத்துக்குக் குதிரை முழங்கால் உயரம் இருக்க வேண்டும். அப்போதுதான் ஒரு முழங்காலைப் பலகை மேல் ஊன்றி, உடம்புப் பாரத்தால் ரம்பத்தை இறக்க முடியும். இதற்கெனத் தனியாக ஒரு ஜோடி செய்யுங்கள்: கால்களை 21 அங்குலமாக வெட்டினால், மேல் பட்டையோடு உயரம் 20¾ வரும். சாய்வு அதே 15 டிகிரி. அடிக்கட்டையைத் தரையிலிருந்து 5 அங்குலத்துக்கு இறக்குங்கள். விரிப்பின் உட்பக்க இடைவெளி 11 அங்குலத்துக்குக் கொஞ்சம் குறையும், பூட்டுப் பட்டையை அதற்கேற்பப் புதிதாகக் கோடு போட்டு வெட்டுங்கள். 30 அங்குலக் குதிரையை வெட்டிக் குறைக்காதீர்கள். இழைப்பு, வார்னிஷ், பொருத்தும் வேலைக்கெல்லாம் அந்த உயரம்தான் முதுகுக்கு நல்லது.

திண்டுக்கல் வாசகர்: முழு பிளைவுட் ஷீட்டை இரண்டு குதிரை மேல் வைத்து வட்ட ரம்பத்தால் அறுக்கும்போது பிளேடு மாட்டிக்கொண்டு ரம்பம் பின்னால் உதைக்கிறது. குதிரையில் கோளாறா?

பதில்: இல்லை, ஷீட்டைத் தாங்கும் விதத்தில் கோளாறு. 8 x 4 அடி, 18 மில்லிமீட்டர் ஷீட் 30 கிலோவுக்கு மேல் இருக்கும். இரண்டு குதிரைக்கும் நடுவே குறுக்காக அறுத்தால், முடியப் போகும் நேரத்தில் இரண்டு பாதிகளும் உள்நோக்கித் தொய்ந்து பிளேடை நெரிக்கும். ரம்பம் உங்கள் மேல் பாய்வது அப்போதுதான். குதிரைகளின் மேல் 8 அடி நீளக் கட்டைகள் நான்கைப் பரப்பி, அதன் மேல் ஷீட்டை வையுங்கள். அறுத்த பிறகும் இரண்டு பாதியும் அப்படியே கிடக்க வேண்டும். பிளேடு ஆழத்தை ஷீட்டின் தடிமனை விட 2 நூல் மட்டும் கூடுதலாக வையுங்கள். கீழே உள்ள கட்டைகளில் கீறல் விழும், விழட்டும்.

ஈரோடு வாசகர்: சமமான தரையில் வைத்தாலும் ஒரு கால் தூக்கி நிற்கிறது.

பதில்: மொசைக் தரையில் குதிரையை விரித்து, பூட்டுப் பட்டைகளை உட்கார வைத்து, தூக்கி நிற்கும் காலுக்கு அடியில் ஆப்பு கொடுத்துத் தலையை மட்டத்துக்குக் கொண்டு வாருங்கள். இடைவெளியை விடச் சற்றே தடித்த ஒரு மரத்துண்டைத் தரையில் வைத்து, அதன் மேல் பென்சிலைப் படுக்க வைத்து, நான்கு கால்களையும் சுற்றிக் கோடு இழுங்கள். அந்தக் கோட்டில் நான்கையும் வெட்டினால் ஆட்டம் நின்றுவிடும். வெட்டிய முனையில் வார்னிஷ் இரண்டு கை கொடுத்து, பழைய சைக்கிள் டயர் துண்டை அடித்துவிடுங்கள். சிமெண்ட் தரை ஈரம் முதலில் ஏறுவது அந்த வெட்டுமுகத்தில்தான்.

ஆட்டம் நீளவாக்கில் இருந்தால் வெட்டுவதில் பயன் இல்லை, மேல்மூலை இணைப்பு தளர்ந்திருக்கிறது. 6 அங்குல முக்கோண பிளைவுட் துண்டுகளைச் சட்டத்தின் வெளிப்பக்க மூலைகளில் பசையோடு திருகுங்கள். உட்பக்கம் போட்டால் குதிரை மடங்காது.

காரைக்குடி வாசகர்: பெயிண்ட் அடிக்கலாமா?

பதில்: கால்களுக்கு அடிக்கலாம். மேல் பட்டைக்கு வேண்டாம். அதன் நிறம் நீங்கள் இழைத்து வைக்கும் பலகையில் ஒட்டிக்கொள்ளும்.