கறியைப் புகையில் வேகவைக்கும் ஸ்மோக்கர் அடுப்பின் மூடியில் நாமே துளை போட்டுத் தெர்மாமீட்டர் பொருத்தலாமா? எனாமல் உடைந்துவிடாதா?

தாராளமாகப் பொருத்தலாம். பழைய புல்லட் ஸ்மோக்கர் வாங்கியிருக்கிறேன், மூடியில் தெர்மாமீட்டர் இல்லை, டிரில் வைக்கப் பயமாக இருக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். ஹூஸ்டனில் இருந்தபோது இதே வேலையை நானும் செய்தேன். ஏழு வருடம் ஆகிறது, அந்தத் துளையைச் சுற்றிப் பொட்டுத் துருகூட இல்லை.

முதலில் அளவைப் பாருங்கள். பார்பிக்யூ தெர்மாமீட்டர் பலவற்றின் கழுத்தில் அரை இஞ்ச் குழாய் மரை இருக்கும். அரை இஞ்ச் என்பது அந்தக் குழாய்க்கு வைத்த பெயர்தான். மரையின் வெளிவிட்டம் 0.84 இஞ்ச். பெயரை நம்பி அரை இஞ்சில் துளை போட்டால் உள்ளே நுழையாது. 7/8 இஞ்ச் வேண்டும். சில மாடல்களின் கழுத்து இன்னும் ஒல்லியாக இருக்கும். ஆகவே தெர்மாமீட்டர் கைக்கு வந்து, அதை அளந்து பார்க்கும்வரை டிரில்லைத் தொடாதீர்கள்.

எனாமல் என்பது இரும்புத் தகட்டின் மேல் உருக்கி ஒட்டிய கண்ணாடி. வளையாது, அடித்தால் சில்லு தெறிக்கும். அதனால் துளைக்கு அடையாளம் வைக்க ஆணியாலோ சென்டர் பஞ்ச் எனும் கூர்முனைக் கம்பியாலோ தட்டவே கூடாது. மாஸ்கிங் டேப்பை இரண்டு அடுக்காக ஒட்டி, அதன் மேல் பென்சிலால் குறியுங்கள். மூடிக்கு உள்பக்கம் ஒரு மரக்கட்டையை முட்டுக் கொடுங்கள். முதலில் 1/8 இஞ்ச் பிட், அப்புறம் படிப்படியாக அகலமாகும் கூம்பு வடிவ ஸ்டெப் டிரில் பிட். வேகம் குறைவாக, கையை அழுத்தாமல், நடுநடுவே ஒரு சொட்டு எண்ணெய் விட்டுப் போங்கள். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், தெறிப்பது நிஜமாகவே கண்ணாடித் தூள். முடித்ததும் விளிம்பை அரத்தால் லேசாகத் தேய்த்து, வெளிப்பக்கம் வெப்பம் தாங்கும் பெயின்ட்டைத் தொட்டு வையுங்கள். மூடியை உள்ளும் புறமும் சோப்புப் போட்டு இரண்டு முறை கழுவுங்கள். ஒரு துகள்கூட கறியில் விழக் கூடாது. நட்டும் வாஷரும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருக்கட்டும்.

எங்கே துளை போடுவது? உச்சியில் வேண்டாம், புகைப்போக்கி ஓட்டைக்குப் பக்கத்திலும் வேண்டாம். மூடியின் சரிவில், ஓட்டைக்கு எதிர்ப்பக்கம் போடுங்கள். இந்த டயல் தெர்மாமீட்டருக்குள் இரண்டு உலோகங்களை ஒட்டிச் சுருளாக்கி வைத்திருப்பார்கள். சூட்டில் ஒன்று அதிகமாக விரிய, சுருள் முறுக்கிக்கொண்டு முள்ளைத் திருப்பும். அந்தச் சுருள் இருப்பது தண்டின் கடைசி இரண்டு இஞ்சில். தண்டு குட்டையாக இருந்தால் மூடியை ஒட்டிய சூட்டைத்தான் காட்டும். நான்கு இஞ்சுக்குக் குறையாமல் வாங்குங்கள், ஆனால் பெரிய கறித்துண்டு வைத்தாலும் அதில் இடிக்கக் கூடாது.

பொருத்துவதற்கு முன் கொதிக்கும் தண்ணீரில் தண்டை முக்கிச் சரிபார்க்க வேண்டும். இங்கே நான் பட்டதைச் சொல்லியே ஆக வேண்டும். ஹூஸ்டனில் முள், தண்ணீரின் கொதிநிலை என்று எல்லோரும் சொல்லும் 212 டிகிரி ஃபாரன்ஹீட்டில் கச்சிதமாக நின்றது. வேலை மாறி டென்வர் வந்தபின் மறுபடி முக்கிப் பார்த்தால் 202. வீடு மாற்றியதில் எங்கோ இடிபட்டிருக்கிறது என்று நினைத்து, டயலின் பின்னால் இருக்கும் சின்ன நட்டைத் திருப்பி 212-க்குக் கொண்டுவந்துவிட்டேன். அந்தச் சனிக்கிழமை எட்டு பவுண்டு பன்றித் தோள்கறி. டயல் நாள் முழுக்க 235 காட்டியது, கறி மட்டும் நகரவே இல்லை. அழைத்திருந்த இரண்டு குடும்பங்களும் பிள்ளைகளோடு இரவு ஒன்பதரைக்குத்தான் சாப்பிட்டார்கள். தெர்மாமீட்டர் முதலிலேயே சரியாகத்தான் இருந்திருக்கிறது. ஹூஸ்டன் கடல் மட்டத்தை ஒட்டிய ஊர், டென்வர் 5,280 அடி உயரத்தில் இருக்கிறது. ஏறக்குறைய 500 அடிக்கு ஒரு டிகிரி ஃபாரன்ஹீட் வீதம் கொதிநிலை குறையும், அதனால் இங்கே தண்ணீர் கொதிப்பதே 202-ல்தான். குக்கர் இல்லாமல் இந்த ஊரில் பருப்பு வேகாமல் அடம்பிடிப்பதும் இதனால்தான். உங்கள் ஊரின் உயரத்தைப் பார்த்துக் கணக்குப் போட்டுவிட்டு அப்புறம் நட்டைத் திருப்புங்கள்.

இன்னொன்று. மூடியில் இருக்கும் தெர்மாமீட்டர் மூடிக்குக் கீழே உள்ள காற்றைத்தான் அளக்கிறது, கறி கிடக்கும் கம்பித்தட்டின் சூட்டை அல்ல. துளை போட்ட முதல் வாரம், கறி எதுவும் வைக்காமல், தண்ணீர்ச் சட்டியோடு ஒரு மணி நேரம் எரியவிடுங்கள். தட்டில் ஒரு வயர் புரோப் தெர்மாமீட்டரை (வயரின் நுனியில் உணர்கம்பி உள்ளது) வைத்து இரண்டையும் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுதுங்கள். என்னுடையதில் மூடி 15 டிகிரி அதிகம் காட்டுகிறது, உங்களுடையது வேறாக இருக்கலாம். கறி வைத்த முதல் ஒரு மணி நேரம் இந்தக் கணக்கு ஒத்துவராது. குளிர்ந்த கறி தன்னைச் சுற்றியுள்ள காற்றையும் குளிர்வித்துவிடும். அதைப் பார்த்துக் காற்றுத் துவாரங்களைத் திறந்துவிடாதீர்கள்.

இப்போது தட்டில் 235 வேண்டுமென்றால் டயலில் 250 வரும்படி தீயை வைக்கிறேன். நாலைந்து முறை சமைத்ததும் தண்டில் கறுப்பாகப் பிசின் படியும், முள் சோம்பலாக ஏறும். மூடி வெதுவெதுப்பாக இருக்கும்போதே துணியால் துடைத்தால் வந்துவிடும்.