26 அங்குல மவுண்டன் பைக்குக்குக் குறைந்த விலையில் நல்ல ஷொக் போர்க் எது?

கேள்வி போட்ட தம்பி எழுதியிருப்பது இவ்வளவுதான்: 26 அங்குலச் சைக்கிள், கிறவல் வீதி, முன் ஷொக் (முன் சில்லைப் பிடித்து, குலுக்கலை வாங்குகிற போர்க்) வேலை செய்யவில்லை, கையில் பெரிதாகக் காசில்லை, எதை வாங்கலாம்? ஊரைச் சொல்லவில்லை. ஆனாலும் ஆளைத் தெரிந்த மாதிரித்தான் இருக்கிறது. சைக்கிள் ஜப்பானில் இருந்து வந்த பழையதாக இருக்கும். முன் ஷொக் ஒன்றில் இறுகிப் போயிருக்கும், இல்லாவிட்டால் தொட்டில் மாதிரி ஆடும். கடைக்காரர் பளபளவென்று புதிய ஸ்பிரிங் போர்க் ஒன்றைக் காட்டி, "இதப் போடுங்க தம்பி, லொக் எல்லாம் இருக்கு" என்றிருப்பார். அதை வாங்க வேண்டாம் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். நான் அதை வாங்கினேன்.

நான் ஒரு விஞ்ஞான ஆசிரியர். பெருமைக்குச் சொல்லவில்லை, வெட்கக்கேடு என்பதால் சொல்கிறேன். வீடு மட்டக்களப்பில், கல்லடியில். பள்ளிக்கூடம் வாவிக்கு மேற்கே படுவான்கரையில், வவுணதீவு தாண்டி உள்ளே. 2022இல் பெற்றோல் வரிசையில் இரண்டு இரவு படுத்துவிட்டு, மூன்றாம் நாள் மோட்டார் சைக்கிளைத் திண்ணையில் ஏற்றி வைத்தேன். என் சொந்தத் தம்பி ஓடிவிட்டுப் போட்டிருந்த 26 அங்குலச் சைக்கிளைத் தூசி தட்டி எடுத்தேன். க்யூ.ஆர். பங்கீட்டு முறை வந்து பெற்றோல் கிடைக்கத் தொடங்கிய பிறகும் சைக்கிளை விடவில்லை. ஆறு கிலோ குறைந்தது, அது வேறு கதை.

"மட்டக்களப்பில் ஏது மலை, உனக்கு எதற்கு மவுண்டன் பைக்?" என்று யாராவது கட்டாயம் எழுதுவார்கள். வலையிறவுப் பாலம் தாண்டி, மணல் டிப்பர் ஓடின உள்வீதி ஒன்றில் அரை மணித்தியாலம் சைக்கிள் ஓடிப் பாருங்கள். தகரக் கூரை மாதிரி வரி வரியாகக் கிடக்கும். மாரியில் குழி எது, வெள்ளம் எது என்று தெரியாது. அப்புறம் வந்து கேளுங்கள். மலை வேண்டுமென்றால் குடும்பிமலையும் நம்முடைய மாவட்டத்தில்தான் இருக்கிறது.

சரி, போர்க்குக்கு வருகிறேன். என் தம்பியின் சைக்கிளில் இருந்த பழைய ஷொக் இறுகிப்போய் இருந்ததால், டவுனில் ஒரு கடையில் புதிதாக ஒரு ஸ்பிரிங் போர்க் வாங்கினேன். கடையின் பெயர் வேண்டாம், அந்த மனிதரும் பிழைக்க வேண்டும். அந்த மாதச் சம்பளத்தில் நல்ல ஒரு துண்டு போனது. மேலே ஒரு நீலக் குமிழ். "இதைத் திருகினால் ஷொக் இறுகும், இளக்கினால் மென்மையாகும்" என்றார் கடைக்காரர். நானும் ஒரு வாரம் காலை மாலை திருகிக்கொண்டிருந்தேன். ஹூக்கின் விதி, அதாவது அழுத்தும் விசைக்கு ஏற்றபடி சுருளிவில் சுருங்கும் என்பதைப் படிப்பிக்கிறவன் நான். சுருளிவில்லை முன்கூட்டியே கொஞ்சம் அழுத்தி வைத்தால் அது தொடங்கும் இடம்தான் மாறும், வில்லின் விறைப்பைக் காட்டுகிற வில் மாறிலி மாறாது என்று கரும்பலகையில் எழுதிப் போட்டவன். அந்தக் குமிழ் செய்வதும் அதைத்தான். நீங்கள் ஏறி இருக்கும்போது ஷொக் எவ்வளவு தாழ்கிறது என்பதைக் கொஞ்சம் கூட்டிக் குறைக்கும். 50 கிலோப் பொடியனுக்கு ஏற்ற ஸ்பிரிங்கை 78 கிலோ வாத்தியாருக்கு ஏற்றதாக மாற்றாது.

அந்த ஷொக்குக்குள் ஸ்பிரிங் துள்ளுவதைக் கட்டுப்படுத்த எண்ணெய் அறை எதுவும் இல்லை. ஸ்பிரிங், கொஞ்சம் கிரீஸ், அவ்வளவுதான். குழியில் இறங்கினால் 'டொக்' என்று அடியில் முட்டும், ஏறும்போது 'டொக்' என்று மேலே முட்டும். கல்லடிப் பாலத்தில் எழும்பி நின்று மிதித்தால் என் பலத்தில் பாதி சைக்கிளைக் குனிய வைக்கவே போனது. எடை இரண்டரைக் கிலோவுக்கு மேல். "சேர், உங்கட சைக்கிள் கும்பிடுது" என்று எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒன்று சொன்னது. அதற்கு அடி போடவில்லை, உண்மையைத்தானே சொன்னது.

எட்டு மாதம் தாக்குப் பிடித்தது. கல்லடி கடலுக்கும் வாவிக்கும் நடுவில் கிடக்கிற ஊர். கதவுப் பிணைச்சலே துருப்பிடிக்கும், ஷொக்கைச் சொல்ல வேண்டுமா? மேலே மினுங்குகிற குழாய்கள் இரும்பு, மேலே குரோம் பூச்சு. முதல் மாரியிலேயே ஊசிமுனை அளவில் பொட்டுப் பொட்டாகத் துரு கிளம்பியது. அந்தப் பொட்டுகள் ஏறி இறங்கும்போது குழாயைச் சுற்றியிருக்கிற ரப்பர் வளையத்தை (சீல்) அரம் மாதிரி அராவும். சீல் கிழிந்தால் தண்ணீர் உள்ளே, பிறகு முடிந்தது கதை. நான் வேறு புத்திசாலித்தனமாக மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்தேன். மண்ணெண்ணெய் பட்டால் சில வகை ரப்பர் ஊதிப்போகும், சீலில் படாமல் பார்ப்பது நல்லது. ஈரத் துணி போதும்.

இதில் இருந்து நான் கற்றது ஒரு சின்ன வேலை. போர்க் வாங்கப் போகும்போது பொக்கெட்டில் ஒரு காந்தம் கொண்டு போங்கள். மினுங்குகிற குழாயில் ஒட்டினால் இரும்பு, ஒட்டாவிட்டால் அலுமினியம். கடைக்காரரின் வாயைவிட அது நம்பகமானது. ரொக்ஷொக்ஸ் கம்பனியின் போர்க்குகளிலேயே ரீகொன் சில்வர் இரும்பு, ரீகொன் கோல்ட் அலுமினியம். இரும்பு என்றால் தள்ளிவிட வேண்டும் என்றில்லை. ஆயித்தியமலைப் பக்கம் இருக்கிறவர் தைரியமாக வாங்கலாம். கடற்கரையில் இருக்கிறவர் ஒவ்வொரு நாளும் துடைக்கத் தயாரென்றால் வாங்கலாம்.

இப்போது சுவிஸ் மச்சான் கதை. இதைச் சொல்லாமல் விட்டால் எனக்கு இன்றைக்கு நித்திரை வராது.

மச்சான் ஊருக்கு வருகிறார் என்றதும் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி போட்டேன்: "காற்று ஷொக், 100 மில்லிமீட்டர், கறுப்பு நிறம், மலிவாக இருந்தால்." (ஸ்பிரிங்குக்குப் பதில் காற்று அடைத்தது; 100 என்பது ஷொக் தாழக்கூடிய தூரம்.) அவ்வளவுதான் எழுதினேன். அது என் பிழை, ஒப்புக்கொள்கிறேன். மச்சான் ஒரு பெரிய பெட்டியோடு வந்து இறங்கினார். "மச்சான், ரெண்டு சனிக்கிழமை அலைஞ்சு எடுத்தது, பாரும்" என்றார். அழகென்றால் அப்படி ஒரு அழகு. அடுத்த நாளே காத்தான்குடியில் எனக்குப் பழக்கமான சைக்கிள் திருத்துகிற காக்காவிடம் (முஸ்லிம் அண்ணன்மாரை இங்கே அப்படித்தான் கூப்பிடுவோம்) கொண்டு போனேன். அவர் பெட்டியைத் திறந்து ஒரு பார்வை பார்த்துவிட்டு மூடினார். "நல்ல சாமான் சேர். ஆனா இது உங்கட சைக்கிளுக்குரிய சாமான் இல்ல."

எனக்கு நம்ப முடியவில்லை. ஆய்வுகூடத்து வேணியர் இடுக்கிமானியைக் கொண்டுவந்து நானே அளந்தேன். (அதிபர் இதைப் படித்தால்: திரும்ப வைத்துவிட்டேன், சேர்.) என் பிரேமில் போர்க்கின் கழுத்து நுழைகிற ஓட்டை உள்ளே 34 மில்லிமீட்டர், மேலும் கீழும் ஒரே அளவு. மச்சான் கொண்டுவந்ததன் கழுத்து மேலே வழமையான 28.6, கீழே வர வர அகன்று, பேரிங் இருக்கும் இடத்தில் 40 அளவில். டேப்பர் என்பார்கள். 34இல் அது எந்தக் காலத்திலும் போகாது. ஓட்டை 44ஆக இருந்திருந்தால் கீழே பேரிங் வைக்கிற வெளிக்கோப்பை ஒன்று போட்டு ஏற்றியிருக்கலாம். அடுத்தது அச்சு. என் முன் சில்லின் ஹப் (அச்சு போகிற நடுப்பகுதி) 100 மில்லிமீட்டர் அகலம், 9 மில்லிமீட்டர் அச்சு. அது 110 அகலம், 15 மில்லிமீட்டர் அச்சு. பிறகு பிரேக். என்னுடையது ரிம்மைப் பிடிக்கிற வி பிரேக், அதில் டிஸ்க் பூட்ட மட்டும்தான் இடம். கடைசியாக, அது 29 அங்குலச் சில்லுக்குரியது. நான்கு பாடத்திலும் பெயில்.

பிழை என்னுடையது என்று சொல்லிவிட்டேனே, ஆனால் ஒன்று. அந்த ஷொக் வந்ததில் இருந்து என் வீட்டில் அது கணக்காகிவிட்டது. கோயில் திருவிழா உபயத்தில் மச்சானின் பங்கு ஏன் குறைந்தது என்று மாமி கேட்டால், "அவருக்கு ஷொக் வாங்கின செலவு" என்று பதில் வருகிறது. போகும்போது அவர் பெட்டியில் போன நெத்தலிக் கருவாடு, இறால் கருவாடு, மிளகாய்த்தூள், தேன் எல்லாம் எந்தக் கணக்கிலும் இல்லை. பன்னிரண்டு வருடமாக அவருடைய வளவைப் பார்த்து, வேலி அடைத்து, தேங்காய் பிடுங்கிக் காசு கட்டினது கணக்கில் இல்லை. வெளிநாட்டில் இருந்து வருகிற ஒரு சாமானுக்கு எடை இருக்கிறது, இங்கே இருந்து செய்கிற வேலைக்கு எடை இல்லை. வெளிநாட்டு உறவுகள் கோபிக்க வேண்டாம், எல்லோரையும் சொல்லவில்லை. அவர்களும் குளிரில் கஷ்டப்படுகிறார்கள் என்று தெரியும். ஆனால் தெரியும் தெரியும் என்று சொல்லிச் சொல்லியே நாங்கள் வாயைப் பொத்திக்கொள்கிறோம்.

விடுங்கள். காக்கா செய்த வேலைதான் உங்களுக்குப் பயன். "சேர், கொஞ்ச நாளைக்கு ஷொக்கே வேணாம், கட்டிப் போர்க் ஒண்டப் போடுவம்" என்றார். எனக்கு மனமில்லை. ஷொக் இல்லாத சைக்கிளைப் பிள்ளைகள் என்ன சொல்லும்? இருந்தாலும் சரி என்றேன். இரும்புக் கட்டிப் போர்க், எடை பழையதில் பாதிகூட இல்லை. முன்னுக்கு 2.1 அங்குல டயர். நான் வழமையாக 60 பி.எஸ்.ஐ. அடிக்கிறவன், அவர் 35க்கு இறக்கிவிட்டார். அந்தச் சைக்கிள் என்னுடைய ஸ்பிரிங் ஷொக்கைவிட மென்மையாக ஓடியது. சின்னச் சின்ன நடுக்கத்தை டயரே வாங்கிக்கொண்டது. பெரிய குழியில் கை நோகும், உண்மை. ஆனால் எழும்பி மிதித்தால் சைக்கிள் முன்னுக்குப் போகிறது, கும்பிடவில்லை. ஒரு வருடத்துக்கு மேல் அப்படியே ஓடினேன்.

ஆகவே என் பதில்: காசு குறைவென்றால் முதலில் டயரை மாற்றுங்கள், காற்றைக் குறையுங்கள், ஷொக் செத்துவிட்டதென்றால் கட்டிப் போர்க் போடுங்கள். ஒன்றைக் கவனியுங்கள். பழைய போர்க்கில் அச்சின் நடுவில் இருந்து மேலே கழுத்து தொடங்கும் இடம் வரை அளந்து கொண்டுபோங்கள். 100 மில்லிமீட்டர் ஷொக்கில் அது 47 சென்டிமீட்டர் அளவில் வரும். புதியது 2 சென்டிமீட்டர் கூடினால் அல்லது குறைந்தால் சைக்கிளின் முன்கோணம் ஏறக்குறைய ஒரு பாகை மாறும், அது பரவாயில்லை. நாலைந்து சென்டிமீட்டர் கட்டையாக வாங்கினால் மூக்கால் மண் உழுவீர்கள்.

"இல்லை சேர், எனக்கு ஷொக்தான் வேணும்" என்கிறீர்களா? அப்படியென்றால் கொஞ்சம் பொறுத்துக் காசு சேர்த்து, காற்று ஷொக் வாங்குங்கள். சன்டூர் கம்பனியில் எக்ஸ்.சி.டி., எக்ஸ்.சி.எம்., எக்ஸ்.சி.ஆர்., ரெய்டன் என்று தரம் ஏறும். பெயருக்குப் பின்னால் 30, 32 என்று வருவது மினுங்கும் குழாயின் விட்டம். குழாய் தடித்தால் முறுகல் குறைவு. எக்ஸ்.சி.ஆர். 32இல் காற்று வகையைத்தான் நான் ஆரம்பப் படி என்பேன். அதற்குக் கீழே இருக்கிறதை எல்லாம் குப்பை என்று சொல்லவில்லை, டவுனுக்குள் தார் வீதியில் ஓடுகிறவருக்கு அவை போதும். காற்று ஷொக்கின் நன்மை, உங்கள் எடைக்கு ஏற்றபடி காற்று அடிக்கலாம். ஏறி இருக்கும்போது 100 மில்லிமீட்டரில் 20, 25 தாழ்ந்தால் சரி. குழாயில் ஒரு ரப்பர் வளையம் போட்டால் தெரிந்துவிடும். இதற்கென்று தனிப் பம்ப் வேண்டும், அதையும் செலவில் சேருங்கள். பம்பைக் கழற்றும்போது 'ஸ்ஸ்' என்று கேட்பது பெரும்பாலும் பம்பின் குழாயில் இருந்த காற்றுத்தான், பயப்பட வேண்டாம்.

26க்குப் புதிய நல்ல ஷொக் கிடைப்பது இப்போது கஷ்டம். டிஸ்க் பிரேக் சைக்கிள் என்றால் 27.5க்குரிய போர்க்கில் 26 சில்லைப் பூட்டி ஓடலாம், முன்பக்கம் ஒரு சென்டிமீட்டர் சொச்சம் உயரும். வி பிரேக் என்றால் அது சரிவராது, பிரேக் கட்டை ரிம்மில் படாது.

நான் கடைசியில் போட்டது, ஜப்பான் பழைய சைக்கிள் ஒன்றில் இருந்து காக்கா கழற்றி வைத்திருந்த 32 மில்லிமீட்டர் காற்று ஷொக். நேர்க் கழுத்து, வி பிரேக்குக்கும் இடமுண்டு. "மறுகா வாங்க சேர், காத்து நிக்குதா எண்டு ஒரு ராவு பாப்பம்" என்று அடித்து வைத்துவிட்டு அடுத்த நாள்தான் தந்தார். பழையது வாங்கினால் நீங்களும் அப்படிச் செய்யுங்கள். குழாயில் நகத்தை வைத்து மேலிருந்து கீழே இழுங்கள், தட்டுப்பட்டால் வேண்டாம். முன் பிரேக்கை இறுக்கிப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டுங்கள், 'கடக் கடக்' என்றால் உள்ளே புஷ் தேய்ந்திருக்கிறது. கழுத்து வெட்டப்பட்டிருக்கும், உங்கள் பிரேமுக்கு நீளம் போதுமா என்று பாருங்கள். 50 மணித்தியாலம் ஓடினால் கீழ்க்கால்களைக் கழற்றித் துடைத்து எண்ணெய் மாற்ற வேண்டும். எனக்கு அது இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை வருகிறது, காக்காவுக்கு ஒரு தேநீரும் கூலியும்.

நான் பாய்கிறவனோ போட்டி ஓடுகிறவனோ இல்லை. 78 கிலோ, புத்தகப் பையோடு 82. அந்த அளவுக்குத்தான் என் சொல் செல்லும்.

மச்சானின் ஷொக் இன்னும் அலுமாரிக்கு மேலே பெட்டியோடு இருக்கிறது. 29 அங்குலம், டேப்பர், 110 அச்சு, டிஸ்க் சைக்கிள் வைத்திருக்கிற யாராவது மட்டக்களப்பில் இருந்தால் இந்தப் பதிலுக்குக் கீழே எழுதுங்கள், நியாய விலைக்குத் தருகிறேன். சைக்கிளில் பூட்டிப் படம் எடுத்து முகநூலில் மட்டும் போடாதீர்கள். அடுத்த ஆவணியில் அவர் வருகிறார்.