கிராம சபைக்குப் போகும் பிள்ளைகள்: கேள்வி பதில்

கேள்வி: உள்ளாட்சிப் பாடம் நடத்தும்போது ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளைக் கிராம சபைக்குக் கூட்டிப்போக நினைக்கிறேன். ஓட்டு இல்லாதவர்களை உட்கார விடுவார்களா?
- ஆசிரியை, உசிலம்பட்டி

பதில்: தாராளமாக உட்காரலாம். ஆனால் ஊராட்சி வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ளவர்தான் சபை உறுப்பினர். அதனால் பிள்ளைகள் தீர்மானத்துக்குக் கை தூக்கக் கூடாது. வருகைப் பதிவேட்டில் கையெழுத்தும் போடக் கூடாது. வில்லங்கம் இந்தக் கையெழுத்தில்தான் வரும். கூட்டம் செல்லக் குறைந்தது இத்தனை பேர் வர வேண்டும் என்ற கணக்குதான் குறைவெண் வரம்பு. ஊராட்சியின் மக்கள்தொகை 501 முதல் 3,000 வரை என்றால் அது 100 பேர், 3,001 முதல் 10,000 வரை என்றால் 200 பேர். ஆள் சேராத நாளில் "பிள்ளைகளும் ஒரு கையெழுத்துப் போடட்டுமே டீச்சர்" என்று நோட்டை நீட்டுவார்கள். மறுத்துவிடுங்கள். அன்றைய பாடத்தில் பாதி அதுவே.

சபை கூடும் ஆறு நாள்கள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. பள்ளிக்குத் தோதானது ஆகஸ்ட் 15. கொடியேற்றி, மிட்டாய் கொடுத்த கையோடு கிளம்பிவிடலாம். பத்துப் பன்னிரண்டு பேர் போதும். வகுப்பு மொத்தமும் போனால் பேசுகிறவர்கள் பிள்ளைகளைப் பார்த்து மேடைப் பேச்சு பேச ஆரம்பித்துவிடுவார்கள்.

ஒரு வாரம் முன்னாடியே ஊராட்சி செயலரைப் பார்த்துச் சொல்லிவிட்டு, போன கூட்டத்துத் தீர்மானங்களைக் கேட்டு வாசிக்கச் செய்யுங்கள். எந்த வேலை யார் கையில் என்று வகுப்பிலேயே பிரித்துப் பார்ப்பதும் அவசியம். தெருவிளக்கும் குடிநீர்க் குழாயும் ஊராட்சி. பஸ் வராவிட்டால் போக்குவரத்துக் கழகம். நம் பக்கம் பிள்ளைகள் தடுமாறுவது கண்மாயில்தான். பாசனப் பரப்பு 40 ஹெக்டேருக்கு, அதாவது ஏறக்குறைய 100 ஏக்கருக்கு, உட்பட்ட கண்மாய் ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு; அதற்கு மேல் போனால் நீர்வளத் துறை. மடை உடைந்ததற்குத் தலைவரை ஊரே திட்டும்போது, அவர் கையில் அந்த மடை இருக்கிறதா என்று பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். தேர்ந்தெடுத்த தலைவர் இல்லாத காலத்தில் அந்த இடத்தில் அரசு நியமிக்கும் தனி அலுவலர் இருப்பார். அதையும் சொல்லிவையுங்கள்.

சும்மா கவனிக்கச் சொன்னால், "ஒரே சண்டை மிஸ்" என்றுதான் வந்து சொல்வார்கள். இரண்டு பேருக்கு ஒரு பிரச்சினை என்று பிரித்துக்கொடுத்து நான்கு கட்டம் போட்ட தாள் கொடுங்கள்: யார் கேட்டார், எந்த நிதி, யார் செய்ய வேண்டும், தீர்மானப் புத்தகத்தில் ஏறியதா. நான்காவது கட்டம் காலியாக இருந்தால் அரை மணி நேரம் கத்தியதும் காற்றோடு போச்சு. ஒரு மாதம் கழித்து அதே இருவர் போய், வேலை எதுவரை வந்திருக்கிறது என்று கேட்டு எழுதட்டும். பல பள்ளிகள் விட்டுவிடுவது இதைத்தான்.

கேள்வி: மாதிரி சட்டமன்றம் நடத்தினோம். மனப்பாட நாடகமாகிவிட்டது. எப்படிச் சரிசெய்வது?
- தலைமையாசிரியர், மேலூர்

பதில்: வசனத்தை நிறுத்துங்கள். மூல கேள்வியை மட்டும் மூன்று நாள் முன்பு அமைச்சரிடம் கொடுங்கள். பதிலைக் கேட்டதும் அவையில் தொடர்ந்து கேட்கும் துணைக் கேள்வி அவருக்கு முன்கூட்டித் தெரியவே கூடாது. அப்போதுதான் துறை விவரத்தைப் படித்துக்கொண்டு வருவார். நாற்பது பேர் போதும். மதுரை மாவட்டத்தின் 10 தொகுதிகளை முதலில் பங்கிடுங்கள், சொந்த ஊர்ப் பிரச்சினை தானாக வரும். எல்லோருக்கும் அமைச்சராகத்தான் ஆசை இருக்கும். பேச்சுத் திறமை உள்ள பிள்ளைகளை எதிர்க்கட்சி வரிசையில் உட்கார வையுங்கள், அவை சூடு பிடிக்கும். பேரவைத் தலைவராக வருபவர் சத்தமாகப் பேசுகிறவராக இருக்க வேண்டாம், விதியைத் தாளில் வைத்துக்கொண்டு நிதானமாக நடத்துகிறவராக இருக்கட்டும். கேள்வி நேரம் அரை மணி, ஒரே ஒரு தீர்மானம், குரல் வாக்கெடுப்பு. அதற்கு மேல் இழுக்காதீர்கள்.

கேள்வி: நாங்கள் மாநகராட்சிக்குள் இருக்கிறோம். மகளுக்கு எதைக் காட்டுவது?
- ஒரு தாய், மதுரை

பதில்: மாநகராட்சியில் 100 வார்டுகள். கிராம சபை போல நகரத்தில் வார்டுப் பகுதி மக்கள் கூடுவது பகுதி சபை; உங்கள் வார்டில் அது எப்போது கூடுகிறது என்று கவுன்சிலர் அலுவலகத்தில் விசாரியுங்கள். அது வரைக்கும், விடுமுறையில் ஒரு திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் மக்கள் குறைதீர் கூட்டத்துக்குக் கூட்டிப்போங்கள். சும்மா வேடிக்கை பார்க்க வேண்டாம். தெருவில் உண்மையாகவே இருக்கும் ஒரு குறையை உங்கள் பெயரில் மனுவாக அவளே எழுதட்டும்: இடம், எத்தனை நாளாக, என்ன வேண்டும், அரைப் பக்கத்துக்குள். கொடுத்ததும் மனு எண் உள்ள ஒப்புகைச் சீட்டை மறக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள்; அந்த எண் இல்லாவிட்டால் பின்னால் எங்கே போய்க் கேட்பது?